பழைய காரும் பொய் சொல்லும் மீட்டரும்

மதுரைக்கும் மோட்டாருக்கும் உள்ள பந்தம் நூறு வருஷத்துக்கு மேல பழசு. 1911ல டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கின டி.வி.எஸ். இந்த ஊர்லதான் வேர் விட்டு வளர்ந்தது. இன்னைக்கும் பழைய அம்பாசிடர், பியட் வச்சிருக்கவங்க இங்க உண்டு. அவங்ககிட்ட பேச்சுக் கொடுத்தா வர்ற முதல் புலம்பல், "மீட்டர் சரியா காட்ட மாட்டேங்குதுங்க". ஏன் காட்டலைங்கறதுக்குப் பின்னாடி ஒரு சரித்திரமே இருக்கு.

இந்த மீட்டருக்கு 1902ல காப்புரிமை வாங்கினவர் ஜெர்மன்காரர் ஓட்டோ ஷுல்ட்சே. சங்கதி எளிமையானதுதான். கியர் பாக்ஸ்ல இருந்து ஒரு கேபிள் சுத்திக்கிட்டே வரும். அது மீட்டருக்குள்ள ஒரு காந்தத்தைச் சுத்தும். காந்தம் தன்னை மூடியிருக்குற அலுமினியக் கிண்ணத்தைத் தொடாமலே இழுக்கும். கிண்ணத்தோட முள்ளும் சாயும், மெல்லிசான ஸ்பிரிங் அதைப் பிடிச்சு நிறுத்தும். ஆனா ஓடின தூரத்தைக் காட்டுற எண்கள் வெறும் பல்சக்கரத்துல ஓடுது. அதாவது, தூரம் எண்ணிச் சொல்றது; வேகம் இழுத்துப் பார்த்துச் சொல்றது. இந்த வித்தியாசத்தை மனசுல வச்சுக்குங்க.

அடுத்த குழப்பம் அரசாங்கம் கொண்டு வந்தது :-) 1956ல மெட்ரிக் அளவைச் சட்டம் வந்துச்சு. மைல் கல் போய் கிலோமீட்டர் கல் வந்தது. நாமதான் இன்னும் 'மைலேஜ்'னு சொல்லிக்கிட்டிருக்கோம். அதுக்கு முந்தின கார்கள்ல மீட்டரும் மைல்லதான் இருந்துச்சு. அப்புறம் 1990கள்ல அம்பாசிடருக்கு இசுசூ இன்ஜினும் 5 கியர் பாக்ஸும் வந்துச்சு. பழைய வண்டிக்கு வேற கியர் பாக்ஸ், வேற சைஸ் டயர், கிடைச்ச மீட்டர்னு மாத்திப் போட்டா கணக்கு எப்படி ஒத்துவரும்?

சரி, கண்டுபிடிக்கிறது எப்படி? விருதுநகர் பக்கம் போற நாலு வழிச்சாலையில (பழைய என்.எச். 7, இப்போ 44) மஞ்சத் தலைக் கிலோமீட்டர் கல் வரிசையா இருக்கும். காலையில கூட்டம் இல்லாதப்ப போங்க. பக்கத்துல ஒருத்தர் கடிகாரத்தோட இருக்கட்டும்.

முதல்ல தூரம். 10 கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்க. மீட்டர்ல 6.2 ஏறியிருந்தா அது மைல் மீட்டர், வேற நோயே இல்ல. 9 இல்ல 11 ஏறியிருந்தா டயர் சைஸோ கியர் பாக்ஸ் பினியனோ ஒத்துப் போகல. டயர் சின்னதானா கூடக் காட்டும், பெருசானா குறைச்சுக் காட்டும்.

அடுத்து வேகம். முள்ளை 60லயே நிறுத்தி ஓட்டுங்க. ஒரு கல்லுல இருந்து அடுத்த கல்லுக்கு 60 செகண்ட் ஆகணும். 66 ஆனா உண்மை வேகம் 54 சொச்சம்தான். 55 ஆனா 65ஐத் தாண்டிட்டீங்க. தூரம் சரி, வேகம் மட்டும் தப்புன்னா கோளாறு மீட்டருக்குள்ள: காந்தம் வலு குறைஞ்சா முள் குறைச்சுக் காட்டும், ஸ்பிரிங் தளர்ந்தா கூட்டிக் காட்டும். கேபிள் வழியா கிரீஸ் ஏறி கிண்ணத்துல ஒட்டினாலும் கூட்டித்தான் காட்டும். முள் ஆடுனா, கேபிள் காஞ்சிருக்கு இல்லாட்டி எங்கயோ மடங்கியிருக்கு. மீட்டரைக் கழட்டுறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க, செலவு மிச்சம்.

கூட்டிக் காட்டுற மீட்டரால பெரிய ஆபத்து இல்ல. குறைச்சுக் காட்டுறதுதான் வில்லன். பழைய அம்பாசிடர்ல நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக். 70னு நினைச்சு 80ல போய், கப்பலூர் தாண்டி குறுக்க ஒரு ஆட்டு மந்தை வந்தா முள்ளு வந்து காப்பாத்தாது. பழைய கார் வாங்கப் போறவங்களும் மீட்டர்ல இருக்குற எண்ணை நம்பி விலை பேசாதீங்க. அந்த எண் எந்த டயர்ல, எந்த கியர் பாக்ஸ்ல, மைல்லயா கிலோமீட்டர்லயா ஏறுச்சுன்னு தெரியாம அதுக்கு அர்த்தமே கிடையாது. கல்லு பொய் சொல்லாது, அதை வச்சு அளந்துட்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க.