பத்தியமும் நாவின் ஏக்கமும்

'அலர்ஜி' என்னும் சொல்லை வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் வான் பிர்கே 1906-இல் உருவாக்கினார். அச்சொல் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஒருவர்க்கு அமுதாவது மற்றொருவர்க்கு ஆகாது என்பதைத் தமிழர் அறிந்திருந்தனர். திருக்குறளின் 95-ஆம் அதிகாரம் 'மருந்து' எனப் பெயர் பெற்றும் மருந்துச் சரக்கு எதனையும் கூறவில்லை. முன்னர் உண்டது செரித்தபின், உடலுக்கு மாறுபடாத உணவை அளவறிந்து உண்க என்பதையே மீண்டும் மீண்டும் வலியுறுத்துகிறது.

சித்த மருத்துவம் இவ்வறிவைப் பத்தியம் என்னும் ஒழுங்காக்கியது. தோலில் தடிப்பும் அரிப்பும் தோற்றுவிப்பனவாகக் கருதப்பட்ட உணவுகளுக்குக் 'கரப்பான் பண்டம்' என்றே ஒரு பெயர் உண்டு. சோளம், கம்பு, வரகு, வாழைக்காய், பாகற்காய் முதலியன அவ்வரிசையில் வரும். கத்தரிக்காய், கருவாடு, நிலக்கடலை ஆகியவற்றை மக்கள் வழக்கு சேர்த்துக்கொள்ளும்.

இப்பட்டியலைச் சேலம், நாமக்கல் சமவெளியில் நின்று படித்தால் அதன் கடுமை புலப்படும். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின்னும் இவ்வட்டாரத்தின் பெரும்பகுதி மானாவாரி நிலமே. நெல்லுச்சோறு நோன்புக்கும் விருந்துக்கும் உரியதாய் இருந்த காலத்தில் சோளச்சோறும் கம்பங்கூழுமே அன்றாட உணவு. ஆகவே கரப்பான் கண்ட உழவன் இழந்தது ஒரு தின்பண்டத்தை அன்று. தன் உலையில் நாள்தோறும் வேகும் உணவையே இழந்தான். வசதி உள்ளவன் அரிசிக் கஞ்சிக்கு மாறியிருப்பான். இல்லாதவன் பத்தியத்தை முறித்திருப்பான் என்று கருதுவதில் பிழையில்லை.

நாமும் ஒருமுறை தோல் தடிப்பிற்காக ஆறு வாரம் புளியும் கடலையும் கத்தரியும் விலக்கி இருந்தோம். பசி வருத்தவில்லை. மாலையில் உடன் பணிபுரிவோர் தட்டுவடை செட் வாங்கிக் கூடி உண்ணும்போது, துருவிய பீட்ரூட்டும் காரச் சட்னியும் மணக்க, விலகி நிற்பதுதான் வருத்தியது. உணவை விலக்குதல் உறவினின்று சற்றே விலகுதலும் ஆகும் என்பதை அப்போது உணர்ந்தோம்.

இரண்டாம் உலகப் போர் இவ்வரலாற்றில் இரு முனைகளில் குறுக்கிடுகிறது. தென்கிழக்காசியாவிலிருந்து வந்துகொண்டிருந்த சவ்வரிசி போரினால் தடைப்பட்டது. 1943-இல் சேலத்தில் மாணிக்கம் செட்டியார், மலேயாவில் அத்தொழிலறிந்த போபட்லால் ஷாவின் துணையுடன், மரவள்ளிக் கிழங்கிலிருந்து சவ்வரிசி செய்யத் தொடங்கினார். கிழங்கைத் தோல் சீவி அரைத்து, பாலைத் தொட்டியில் தெளியவைத்து, படிந்த மாவைக் குருணையாக உருட்டி, வறுத்து, வெயிலில் உலர்த்தும் அத்தொழில் பின்னர் நூற்றுக்கணக்கான ஆலைகளாகப் பெருகியது. அதற்கெனச் 'சேகோசர்வ்' என்னும் கூட்டுறவுச் சங்கம் 1981-இல் எழுந்தது; சேலம் சவ்வரிசி 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது.

அதே போரின் 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்து பட்டினியில் வாடியது. ரொட்டி கிடைக்காத அந்நாட்களில், தீராத வயிற்றுப்போக்கால் மெலிந்திருந்த சில குழந்தைகள் தேறினர். ரொட்டி மீண்டும் வந்ததும் நோயும் மீண்டது. கோதுமையின் மீது முன்னரே ஐயுற்றிருந்த மருத்துவர் வில்லெம் டிக்கே தம் ஆய்வை 1950-இல் வெளியிட்டார். சீலியாக் எனப்படும் அந்நோய், கோதுமையின் குளூட்டன் என்னும் புரதத்தால் விளைவது. நுட்பமாக நோக்கின் அது அலர்ஜி அன்று. ஆயினும் வாழ்நாள் முழுதும் நீளும் கடும்பத்தியம் அதற்குத் தேவை. குளூட்டன் இல்லாத மரவள்ளி மாவும் சவ்வரிசியும் அத்தகையோர்க்கு ஏற்ற உணவு என்பது நம் வட்டாரத்தார் பலர் அறியாத பெருமை.

விலக்கலே எப்போதும் காவல் ஆகாது என்பதையும் அண்மை ஆய்வு காட்டியது. அலர்ஜி வரும் வாய்ப்பு மிகுந்த 640 கைக்குழந்தைகளைக் கொண்டு இலண்டனில் நிகழ்ந்த ஆய்வு 2015-இல் வெளிவந்தது. நிலக்கடலைப் பண்டத்தை இளமையிலேயே உண்ட குழந்தைகளிடையே, ஐந்தாம் வயதில் கடலை அலர்ஜி ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அலர்ஜி ஏற்கெனவே உள்ளவர்க்கு இது பொருந்தாது. அவர்க்கு ஒரு பருப்பும் உயிருக்கு ஊறாகலாம். ஆனால் காரணம் அறியாமல் ஆண்டுக்கணக்கில் பிள்ளைகளின் தட்டிலிருந்து உணவுகளை நீக்கும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பழைய பத்தியத்தில் ஒரு நயம் இருந்தது. அதற்கு நாள்கணக்கு உண்டு. மருந்து முடிந்தபின் மறுபத்தியம். அதன் பின்னர் வழக்கமான உணவு. கரப்பான் பட்டியலின் ஒவ்வொரு பொருளும் இன்றைய சோதனையில் தேறாமற் போகலாம். எனினும் எந்த உணவு, எத்தனை நாள், மீண்டும் எப்போது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை சொல்லியே வைத்தியர் உணவை விலக்கினார். இன்று நீண்ட விலக்குப் பட்டியலோடு வீடு திரும்புவோர், அம்மூன்றையும் தம் மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று. ஏக்கத்தைத் தாங்க, அது முடியும் நாள் தெரிந்திருப்பதே பெருந்துணை.