தனிநபர் ஜெட்

தனிநபர் ஜெட் என்பது உரிமையாளரே தனியாக ஓட்டும்படி வடிவமைக்கப்பட்ட சிறிய ஜெட் விமானம். நான்கு முதல் ஏழு இருக்கைகள், ஒன்று அல்லது இரண்டு டர்போஃபேன் எஞ்சின்கள், காற்றழுத்தம் பேணும் அறை, ஏறக்குறைய ஐந்து டன்னுக்கு உட்பட்ட எடை ஆகியவை இதன் பொது அடையாளங்கள். பெருநிறுவன ஜெட்டில் சம்பளம் வாங்கும் இரண்டு விமானிகள் முன்னால் இருப்பார்கள். முதலாளி பின்னால் உட்கார்ந்திருப்பார். இங்கே முதலாளிதான் விமானி. இந்த விமானங்களின் வடிவம், பயிற்சி, காப்பீடு, விலை எல்லாவற்றையும் அந்த ஒரு மாற்றமே தீர்மானிக்கிறது.

முன்னோடிகள்

1970களில் அமெரிக்க வடிவமைப்பாளர் ஜிம் பீட், ஒருவர் மட்டும் அமரக்கூடிய பிடி-5ஜே என்ற குட்டி ஜெட்டை உருவாக்கினார். 1983இல் வெளிவந்த ‘ஆக்டோபஸி’ படத்தில் ஜேம்ஸ் பாண்ட் தப்பிச் செல்வது இதில்தான். பிடி-5ஜே வேடிக்கைக்கும் சாகசத்துக்கும் உகந்தது, குடும்பத்தோடு ஊருக்குப் போக உதவாது. 1977இல் செஸ்னா நிறுவனம் தன் சைட்டேஷன் ஜெட்டின் ஒரு வகைக்கு ஒற்றை விமானி ஓட்ட அனுமதி பெற்றது. ஆனால் அது தனியாளின் சட்டைப்பைக்கு எட்டும் விமானம் அல்ல.

குறையாக இருந்தது எஞ்சின். சிறியதாகவும் சிக்கனமாகவும் ஒரு டர்போஃபேன் எஞ்சின் கிடைக்கவில்லை. ஏவுகணைகளுக்குச் சிறு எஞ்சின்கள் செய்துவந்த வில்லியம்ஸ் இன்டர்நேஷனல், 1990களின் நடுவில் நாசாவின் ஆதரவோடு இந்த வேலையில் இறங்கியது. அந்த முயற்சியைக் காட்ட பர்ட் ரூட்டனின் நிறுவனம் கட்டிய வி-ஜெட் 2 விமானம் 1997இல் ஆஷ்காஷ் விமானத் திருவிழாவில் பறந்தது. பார்த்தவர்களில் பலருக்குச் சொந்த ஜெட் கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது.

பத்து லட்சம் டாலர் வாக்குறுதி

அவர்களில் ஒருவர் மைக்ரோசாஃப்டின் முன்னாள் அதிகாரி வெர்ன் ரேபர்ன். 1998இல் எக்லிப்ஸ் ஏவியேஷன் நிறுவனத்தைத் தொடங்கினார். எக்லிப்ஸ் 500 என்ற இரட்டை எஞ்சின் ஜெட்டுக்கு 2000இல் அவர் அறிவித்த விலை 8,37,500 டாலர். அன்றைய இரட்டை எஞ்சின் ஜெட்டுகளோடு ஒப்பிட்டால் நம்ப முடியாத மலிவு. கணினித் துறையின் கணக்கு அது: ஆண்டுக்குப் பல நூறு விமானங்கள் செய்தால் ஒவ்வொன்றின் அடக்கவிலையும் சரியும். உலோகத் தகடுகளை ஆணி அடித்து இணைப்பதற்குப் பதில் உராய்வின் சூட்டில் பற்றவைக்கும் முறையையும் நிறுவனம் கையாண்டது.

கணக்கு இரண்டு இடங்களில் தவறியது. 2002இல் முன்மாதிரி பறந்தபோது வில்லியம்ஸ் எஞ்சின் எதிர்பார்த்தபடி அமையவில்லை. அதைக் கைவிட்டு பிராட் அண்ட் விட்னி கனடா எஞ்சினுக்கு மாறியதில் எடை, விலை, காலம் மூன்றும் கூடின. 2006 செப்டம்பரில்தான் சான்று கிடைத்தது. அடுத்தது ஆர்டர். கையிலிருந்த ஆர்டர்களில் பெரும் பங்கு ஃபுளோரிடாவின் டேஜெட் என்ற வான்டாக்ஸி நிறுவனத்துடையது. 2008 செப்டம்பரில் டேஜெட் சேவையை நிறுத்தியது. நவம்பரில் எக்லிப்ஸ் திவால் மனு கொடுத்தது. அதற்குள் விலை 21.5 லட்சம் டாலரைத் தொட்டிருந்தது. ஏறக்குறைய 260 விமானங்கள் மட்டுமே உரிமையாளர்கள் கைக்குப் போயிருந்தன. முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்கள் பணத்தை இழந்தார்கள்.

விஷன் ஜெட்

இன்று தனிநபர் ஜெட் என்றதும் விமானிகள் குறிப்பிடுவது சிரஸ் எஸ்எஃப்50 விஷன் ஜெட்டை. ஆலன், டேல் கிளாப்மையர் சகோதரர்கள் 1984இல் தொடங்கிய சிரஸ், மினசோட்டாவின் டுலூத் நகரில் இயங்குகிறது. 2006இல் இந்த ஜெட்டை அறிவித்தபோது சிரஸும் பத்து லட்சம் டாலர் அளவில்தான் பேசியது. 2008இல் முன்மாதிரி பறந்தது. அதே ஆண்டின் பொருளாதாரச் சரிவில் பணம் வற்றி, வேலை முடங்கியது. 2011இல் சீன அரசு நிறுவனமான ஏவிக் குழுமத்தின் கைக்கு சிரஸ் போன பிறகே திட்டத்துக்கு மறுபடி உயிர் வந்தது. 2016 அக்டோபரில் அமெரிக்கச் சான்று பெற்றபோது விலை சுமார் 19.6 லட்சம் டாலர். 2020களின் நடுவில் அது 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

விலையைக் கட்டுப்படுத்த சிரஸ் செய்த முக்கிய முடிவு ஒற்றை எஞ்சின். உடலின் மேல் முதுகில் ஒரு வில்லியம்ஸ் எஃப்ஜே33 எஞ்சின். அதன் புகை தடையின்றி வெளியேற ‘வி’ வடிவ வால். வேகம் 311 நாட், அதாவது மணிக்குச் சுமார் 575 கிலோமீட்டர். உச்ச உயரம் 31,000 அடி. பெரிய ஜெட்டுகளுக்கு இவை சாதாரண எண்கள்.

ஈர்ப்பு எதில்?

வேகம் மட்டுமே காரணம் என்றால் இந்த விமானம் விற்றிருக்காது. டாஹர் நிறுவனத்தின் டிபிஎம் 960, சுழலி வைத்த டர்போப்ராப் விமானம், 330 நாட் வரை போகும். விஷன் ஜெட்டை வாங்குபவர் பெரும்பாலும் சிரஸின் எஸ்ஆர்22 என்ற பிஸ்டன் விமானத்திலிருந்து வருகிறார். அதில் காற்றழுத்த அறை கிடையாது; உயரே போனால் ஆக்சிஜன் குழாய் மாட்ட வேண்டும்; மேகத்துக்குள்ளும் குலுக்கலுக்குள்ளும் பறக்க வேண்டும். ஜெட்டில் அந்த வானிலைக்கு மேலே, அதிர்வின்றி, குழந்தைகள் பின்னிருக்கையில் தூங்கியபடி போகலாம். அதே பக்கவாட்டுக் கைப்பிடி, பழகிய கார்மின் நிறுவனத் திரைகள். பிஸ்டனில் எரிபொருள் கலவையையும் விமானியே பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே உந்துவிசைக்கு ஒரே ஒரு நெம்புகோல், மீதியைக் கணினி கவனிக்கிறது.

இரண்டாவது ஈர்ப்பு, துணையாக வருபவரின் பயத்தைத் தணிப்பது. மூக்குப் பகுதியில் முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட் இருக்கிறது. 2022 செப்டம்பரில் ஃபுளோரிடாவின் கிசிம்மி அருகே அது முதன்முறை உண்மையான ஆபத்தில் விரிந்தது. உள்ளே இருந்த மூவரும் உயிர் தப்பினர். 2020 முதல் கார்மினின் தானியங்கித் தரையிறக்கமும் சேர்ந்தது. விமானி மயங்கிவிட்டால் பயணி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்: விமானமே ஓடுபாதையைத் தேர்ந்து, கட்டுப்பாட்டு அறைக்கு அறிவித்து, இறங்கி நிற்கும்.

விலைப்பட்டியலில் இல்லாதவை

அமெரிக்க விதிப்படி எந்த ஜெட்டை ஓட்டவும் அந்த விமானத்துக்கென்றே தனித் தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும். விஷன் ஜெட்டுக்கான பயிற்சி டென்னசியின் நாக்ஸ்வில்லில் நடக்கிறது. உரிமம் வந்த பிறகும் காப்பீட்டு நிறுவனம் அனுபவசாலி ஒருவரைப் பல மணி நேரம் பக்கத்தில் உட்கார வைக்கச் சொல்லும். ஆண்டுதோறும் மறுபயிற்சியும் கேட்கும்.

டர்போஃபேன் உயரத்தில்தான் சிக்கனம். போக்குவரத்து நெரிசலால் கட்டுப்பாட்டாளர் தாழ்வாகவே பறக்கச் சொன்னால் எரிபொருள் கரைந்து, பயண தூரம் சுருங்கிவிடும். தொட்டியை நிரப்பினால் எல்லா இருக்கைகளையும் பெரியவர்களால் நிரப்ப முடியாது. பராமரிப்புச் செலவு திடீரென்று தலையில் விழாமலிருக்க, எஞ்சின் பராமரிப்பையும் உதிரிபாகங்களையும் சேர்த்துச் சந்தா முறையில் சிரஸே விற்கிறது. 1970களின் பழைய சைட்டேஷனைக் குறைந்த விலைக்கு வாங்கிவிடலாம். அதன் எரிபொருளும் எஞ்சின் பழுதுபார்ப்பும் அந்த மிச்சத்தை விழுங்கிவிடும்.

சந்தை

எக்லிப்ஸோடு போட்டியிட்டவற்றில் செஸ்னாவின் சைட்டேஷன் மஸ்டாங் 2017இல் நிறுத்தப்பட்டது. அதுவரை 479 விமானங்கள் விற்றிருந்தன. டயமண்ட் நிறுவனத்தின் டி-ஜெட் பல முன்மாதிரிகள் பறந்த பிறகும் 2013இல் முடங்கியது. சிறகுக்கு மேல் எஞ்சின் பொருத்திய ஹோண்டாஜெட் 2015 டிசம்பரில் சான்று பெற்றபோதே 45 லட்சம் டாலர். எம்ப்ரேயரின் ஃபீனம் 100 போல அதுவும் பணக்காரர் வட்டத்துக்கு உரியதாகிவிட்டது. விஷன் ஜெட் விற்பனையோ 500ஐத் தாண்டியிருக்கிறது. தன் ஒற்றை எஞ்சின் ஜெட் திட்டத்தை 2011இல் கைவிட்ட பைப்பர், 2024இல் எம்700 ஃப்யூரி என்ற டர்போப்ராப்பைக் கொண்டுவந்தது. வேகம் 301 நாட், விலை சுமார் 41 லட்சம் டாலர்: இரண்டிலும் சாதகம் சிரஸின் ஜெட்டுக்கே.