ஸ்போர்ட்ஸ் கார் திருட்டுத் தடுப்பு

விலை உயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்களைத் திருடர் கையில் சிக்காமல் காப்பதற்கும், சிக்கிவிட்டால் மீட்பதற்கும் உதவும் கருவிகள், பழக்கங்கள், பதிவேடுகள் ஆகியவற்றைச் சேர்த்தே ஸ்போர்ட்ஸ் கார் திருட்டுத் தடுப்பு என்கிறோம். ஸ்டீயரிங் லாக், மின்னணுச் சாவி, உரிய சாவியின்றி எஞ்சின் கிளம்பாமல் தடுக்கும் இம்மொபைலைசர், ஒளித்து வைத்த ஜிபிஎஸ் கருவி, வீட்டு முகப்பில் நடும் இரும்புக் கம்பம், சேஸிஸ் எண் பதிவேடு எனப் பலவும் இதில் அடக்கம். இவற்றில் எதுவும் தனியாகப் போதாது என்பதைக் கடந்த 40 ஆண்டு அனுபவம் காட்டியிருக்கிறது. திருடனுக்கு முதலில் வேண்டியது யாரும் கவனிக்காத சில நிமிடங்கள். அடுத்து வேண்டியது, திருடிய வண்டிக்கு ஒரு பொய் அடையாளம். இந்த இரண்டையும் சேர்த்து மறுக்கும் ஏற்பாடுதான் வெற்றி பெறுகிறது.

ஏன் இந்தக் கார்கள்?

திருடப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார் பெரும்பாலும் மூன்று வழிகளில் பணமாகிறது. கன்டெய்னரில் ஏற்றி வேறு நாட்டில் விற்கலாம். அதே மாடலில் உள்ள வேறொரு காரின் எண்ணைப் பொருத்தி உள்நாட்டிலேயே விற்கலாம். எஞ்சினையும் கியர்பாக்ஸையும் கழற்றித் தனித்தனியே விற்கலாம். மூன்றிலுமே சாதாரணக் காரைவிடப் பல மடங்கு லாபம்.

காப்பீட்டுக் கணக்குகளில் இந்த வேறுபாடு துலக்கமாகத் தெரிகிறது. அமெரிக்காவின் ஹைவே லாஸ் டேட்டா இன்ஸ்டிட்யூட் 2023-இல் வெளியிட்ட ஆய்வில், 2020 முதல் 2022 வரையிலான மாடல்களில் டாட்ஜ் சார்ஜர் ஹெல்கேட் காருக்கான திருட்டு இழப்பீட்டுக் கோரிக்கைகள் சராசரியைப்போல் 60 மடங்குக்கும் அதிகம். 700 குதிரைத்திறனைத் தாண்டும் எஞ்சின் கொண்ட வண்டி அது. 2022 முதல் 2024 வரையிலான மாடல்களைப் பார்த்தபோது ஷெவர்லே கமாரோ இசட்எல்1 முதலிடம் பிடித்தது. அது சராசரியின் 39 மடங்கு.

சாவியில் ஒரு கறுப்புப் பொட்டு

மேற்கு ஜெர்மனி 1960களின் தொடக்கத்திலேயே எல்லாக் கார்களுக்கும் ஸ்டீயரிங் லாக்கைக் கட்டாயமாக்கி, திருட்டைக் குறைத்துக் காட்டியது. எனினும் இரும்பால் ஆன எந்தப் பூட்டும் நெம்புகோலுக்குக் கட்டுப்பட்டதே. அமெரிக்காவில் 1980களில் ஸ்டீயரிங் தண்டின் உறையைப் பிளந்து, ஸ்க்ரூடிரைவரால் எஞ்சினைக் கிளப்பும் வித்தை திருடர்களிடையே பரவியிருந்தது. ஷெவர்லே கார்வெட் அவர்களுக்குப் பிடித்த வண்டி.

1986 மாடல் கார்வெட்டில் ஜெனரல் மோட்டார்ஸ் புதிதாக ஒன்றைச் செய்தது. சாவியின் உலோகத் தண்டில் ஒரு சின்னக் கறுப்புப் பொட்டு பதிந்திருந்தது. உள்ளே இருந்தது ஒரு மின்தடை. சாவியை நுழைத்துத் திருப்பியதும் கார் அந்தத் தடையை அளந்து பார்க்கும். 15 அளவுகளில் தனக்குரியது எதுவோ அது இருந்தால் மட்டுமே ஸ்டார்ட்டர் சுழலும், எரிபொருள் பாயும். தவறான சாவி என்றால் சில நிமிடங்களுக்கு எதுவும் நடக்காது. மாற்றி மாற்றிச் சாவி போட்டுப் பார்க்கிற திருடன் ஒவ்வொரு முறையும் அந்த நிமிடங்களைக் காத்திருந்தே கழிக்க வேண்டும். வெட்டவெளியில் அத்தனை நேரம் நிற்கத் துணிபவர்கள் குறைவு. இந்த முறை பின்னர் கமாரோ, போன்டியாக் ஃபயர்பேர்ட் ஆகிய கார்களுக்கும் சென்றது.

அடுத்த படி, சாவிக்குள் பேசும் சில்லு. அதற்கு பேட்டரி தேவையில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளிலிருந்தே அது மின்சாரம் பெறுகிறது. கார் ஒரு கேள்வி எண்ணை அனுப்ப, சில்லு ரகசியக் கணக்கின்படி விடை சொல்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இந்த வகை இம்மொபைலைசரைக் கட்டாயமாக்கியது. கனடா 2007-இல் செய்தது. 1995 முதல் 2008 வரையிலான நெதர்லாந்துத் தரவுகளை ஆராய்ந்த பொருளியல் அறிஞர்கள், இந்த ஒரு கருவியால் கார் திருட்டு சராசரியாக 40 சதவீதம் குறைந்ததாக மதிப்பிட்டனர்.

ரகசியக் கணக்கும் நிரந்தரமல்ல. போர்ஷே, பென்ட்லி, லம்போர்கினி உள்ளிட்ட பல நிறுவனங்களின் கார்களில் இருந்த மெகாமோஸ் என்ற குறியாக்கத்தின் பலவீனத்தை ஐரோப்பிய ஆய்வாளர் மூவர் கண்டறிந்தனர். ஃபோக்ஸ்வாகன் 2013-இல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்கியதால், அந்த ஆய்வு 2015-இல்தான் அச்சேறியது.

சாவி வீட்டுக்குள், கார் தெருவில்

சாவியைப் பாக்கெட்டிலிருந்து எடுக்காமலே கதவு திறக்கும் வசதி புதிய வாசலையும் திறந்துவிட்டது. கைப்பிடியைத் தொட்டதும் கார் தாழ்ந்த அலைவரிசையில், ஏறக்குறைய 125 கிலோஹெர்ட்ஸில், ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. அது ஓரிரு மீட்டர் மட்டுமே எட்டும். அதைக் கேட்ட சாவி உயர்ந்த அலைவரிசையில் பதில் தருகிறது. இந்தப் பதில் பல மீட்டர் தாண்டியும் போகும். ஆகவே திருடர் நீட்ட வேண்டியது முதல் பாதியை மட்டுமே. ஒருவர் வீட்டு வாசலருகே ஆன்டெனாவைப் பிடித்து நிற்கிறார். மற்றவர் காரின் அருகே கருவியுடன் நிற்கிறார். உள்ளே மேசைமேல் கிடக்கும் சாவி, கார் பக்கத்தில் இருப்பதாகவே நம்பிப் பதில் சொல்லிவிடுகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கிய பின் சாவி விலகினாலும் பாதுகாப்புக் கருதி கார் நிற்பதில்லை. ஜூரிச் நகரின் இடிஹெச் பல்கலைக்கழகத்தினர் 2011-இல் 8 நிறுவனங்களின் 10 மாடல்களில் இதைச் செய்து காட்டினர்.

2018-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகக் குழு டெஸ்லா மாடல் எஸ் காரின் சாவியை நொடிகளில் நகலெடுத்தது. அந்தச் சாவியைத் தயாரித்த பெக்ட்ரான் நிறுவனமே மெக்லாரனுக்கும் சாவி தந்துவந்தது. செய்தி அறிந்த மெக்லாரன், ரேடியோ அலையைத் தடுக்கும் பைகளைத் தன் வாடிக்கையாளர்களுக்கு இலவசமாக வழங்கியது.

அந்தப் பை இன்றும் மலிவான, பயனுள்ள தற்காப்பு. ஆனால் சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. சாவியைப் பையில் போட்டு மூடி, காரின் அருகில் நின்று கைப்பிடியை இழுக்க வேண்டும். கதவு திறந்தால் பை உதவாது. மடிப்புகளில் உள்ள உலோக இழை நாளடைவில் அறுந்துபோவதால், சில மாதங்களுக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்வது நல்லது. இரண்டாவது சாவியும் பைக்குள் இருக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

தயாரிப்பாளர்களும் சும்மா இருக்கவில்லை. ஃபோர்டு 2019-இல் பிரிட்டனில் விற்ற ஃபியஸ்டா, ஃபோகஸ் கார்களுக்கு 40 நொடி அசையாமல் கிடந்தால் உறங்கிவிடும் சாவியைத் தந்தது. இன்னும் உறுதியானது அல்ட்ரா வைட்பேண்ட் முறை. ரேடியோ அலை ஒரு நானோநொடியில் செல்லும் தூரம் 30 சென்டிமீட்டர். சமிக்ஞை போய்த் திரும்பும் நேரத்தை இந்த முறை அளப்பதால், சாவி உண்மையில் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது காருக்குத் தெரிந்துவிடுகிறது; இடையில் கருவி வைத்து நீட்டினால் நேரம் கூடி ஏமாற்று வெளிப்படும்.

டாஷ்போர்டுக்குக் கீழே

ஸ்டீயரிங்குக்குக் கீழே முழங்கால் தட்டும் இடத்தில் 16 முனை கொண்ட ஓபிடி சாக்கெட் ஒன்று இருக்கும். மெக்கானிக் கோளாறு பார்ப்பதற்கானது. அமெரிக்காவில் 1996 முதல் கட்டாயம். கண்ணாடியை உடைத்து உள்ளே நுழைந்த திருடன், கையடக்கக் கருவியை அங்கே செருகிப் புதிய சாவியையே பதிவு செய்துகொள்ள முடிகிறது. ஹெல்கேட் திருட்டுகள் பலவும் இந்த வழியில் நடந்தவை.

டாட்ஜ் 2021-இல் தந்த தீர்வு இதற்கு நேரான பதில். நான்கு இலக்க எண்ணை அழுத்தாதவரை எஞ்சின் நிமிடத்துக்கு 675 சுற்றுக்கு மேல் ஏறாது. கிடைப்பது 3 குதிரைத்திறனுக்கும் குறைவு. சாவி இருந்தும் வண்டி ஊர்ந்துதான் போகும். 2023-இல் வெளியாட்கள் புதிய சாவி பதிவதையே முடக்கும் மென்பொருளையும் அறிவித்தது.

இதே கருத்தில் அமைந்த இம்மொபைலைசர்களைப் பிற கார்களிலும் தனியாகப் பொருத்தலாம். கண்ணாடி, ஆடியோ பொத்தான்களை உரிமையாளர் தேர்ந்த வரிசையில் அழுத்தினால்தான் எஞ்சின் கிளம்பும். எந்த வரிசை என்பது காரைப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடியதல்ல.

2022-இல் லண்டனில் கார் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவரின் டொயோட்டா ஆர்ஏவி4 காணாமல் போனபோது, முன்விளக்கின் ஒயர் வழியாகக் காரின் உள்வலையமைப்புக்குள் பொய்ச் செய்தி புகுத்தும் முறை அம்பலமானது. அதற்கான கருவியை ப்ளூடூத் ஸ்பீக்கர் உருவில் மறைத்து விற்றிருந்தார்கள். இதற்குச் சாவிப் பை தடையாகாது; ஸ்டீயரிங்கில் மாட்டும் கனத்த இரும்புப் பூட்டு, சக்கரப் பூட்டு, வாசல் கம்பம் போன்ற பழைய முறைகளே நேரம் பிடிக்க வைக்கின்றன.

நம்பவைத்து எடுப்பது

2019 மே மாதம் ஜெர்மனியின் டுசல்டார்ஃபில் 1985ஆம் ஆண்டு ஃபெராரி 288 ஜிடிஓ விற்பனைக்கு இருந்தது. உலகில் 272 மட்டுமே தயாரான மாடல். முன்பு ஃபார்முலா 1 ஓட்டுநர் எடி இர்வைனிடம் இருந்த வண்டி. மதிப்பு 20 லட்சம் யூரோவுக்கு மேல். வாங்க வந்தவர் டெஸ்ட் டிரைவ் கேட்டார். ஓட்டுநர் இருக்கையை மாற்றிக்கொள்ள விற்பவர் இறங்கிய நொடியில் அவர் காரைக் கிளப்பிப் பறந்துவிட்டார். வந்தவரை முன்பே படமெடுத்திருந்தார்கள். போலீஸ் அதை வெளியிட்டது. அருகிலுள்ள கிரேவென்பிராய்ஹ் ஊரின் ஒரு கராஜில் கார் சீக்கிரமே கிடைத்தது.

இருக்கை மாறும்போது எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் வைத்துக்கொள்வது, ஓட்டுநர் உரிமத்தைச் சரிபார்த்துப் படமெடுப்பது, இன்னொருவரை உடன் வைத்திருப்பது ஆகிய மூன்றும் விற்பவருக்கு அடிப்படை விதிகள்.

கார் லாரியில் பயணிக்கும்போதும் இதே ஆபத்து. 2024-இல் பேஸ்பால் வீரர் கிறிஸ் பிரையன்ட்டின் லம்போர்கினி ஹுராகான், கொலராடோவிலிருந்து லாஸ் வேகஸுக்கு அனுப்பப்பட்டபோது வழியில் மாயமானது. போக்குவரத்து நிறுவனத்தின் மின்னஞ்சலை ஊடுருவியவர்கள் தங்கள் வண்டியை அனுப்பி எடுத்துச் சென்றிருந்தனர். கார் பின்னர் மீட்கப்பட்டது. ஏற்ற வருகிற லாரியின் பதிவு எண்ணையும் ஓட்டுநரின் பெயரையும், மின்னஞ்சலில் வந்த எண்ணை விட்டு, முன்பே தெரிந்த தொலைபேசி எண்ணில் அழைத்து உறுதி செய்வதே இதற்கு வழி.

பழைய கார்களுக்கு

1960களின் ஜாகுவார் இ-டைப் போன்ற கார்களில் முடக்குவதற்கு மின்னணுப் பொருள் எதுவும் இல்லை. அவற்றுக்கு டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் கட்டைவிரல் அளவு ரோட்டரைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வது போதும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்பொறி போகாது. 1940-இல் படையெடுப்பை அஞ்சிய பிரிட்டன், நிறுத்திய வாகனங்களை இயங்காதபடி செய்யச் சட்டம் போட்டபோது மக்கள் கையாண்ட வழிகளில் இதுவும் ஒன்று. மறைவான இடத்தில் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச், பெட்ரோல் பம்புக்குத் தனி சுவிட்ச் ஆகியவையும் உதவும்.

எஞ்சின் ஓடாவிட்டாலும் வண்டியை இழுத்து டிரெய்லரில் ஏற்றலாம். அதனால்தான் கார் சாய்ந்தாலே ஒலிக்கும் அலாரமும், தரையில் பதித்த கொக்கியும் தேவைப்படுகின்றன. ‘கோல்ட்ஃபிங்கர்’ படத்துக்கான ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 கார்களில் ஒன்று, 1997-இல் ஃபுளோரிடாவின் போகா ராட்டன் விமான நிலையக் கொட்டகையிலிருந்து திருடப்பட்டது. சுவரும் பூட்டும் இருந்தன. அவை மட்டும் போதவில்லை.

போன பிறகு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1986-இல் அறிமுகமான லோஜாக், திருட்டுப் புகார் பதிவானதும் காருக்குள் உயிர்பெற்று, போலீஸ் வாகனங்களுக்கு ரேடியோ சமிக்ஞை அனுப்பியது. இன்று ஜிபிஎஸ் கருவிகள் பரவிவிட்டன. பிரிட்டனின் தாட்சம் ஆய்வு மையம் வகுத்த எஸ்5 தரத்தில், ஓட்டுநரிடம் இருக்கும் அடையாள வில்லை இல்லாமல் கார் நகர்ந்தால் கண்காணிப்பு மையத்துக்கு உடனே எச்சரிக்கை போகும்.

திருடர் கையில் ஜிபிஎஸ் சமிக்ஞையை அடைக்கும் ஜாமர் இருக்கலாம். ஆகவே தனி பேட்டரியுடன், ரேடியோ அலையிலும் இயங்கும் இரண்டாவது கருவியை வேறிடத்தில் ஒளிப்பது வழக்கம். திருடிய காரை நேரே பதுங்கிடத்துக்குக் கொண்டுபோகாமல், அமைதியான தெருவில் ஓரிரு நாள் நிறுத்தி யாராவது தேடி வருகிறார்களா என்று வேவு பார்ப்பதும் உண்டு. மீட்க அதுவே நல்ல நேரம். இருப்பிடம் தெரிந்தாலும் உரிமையாளர் தாமாகப் போகாமல் போலீஸுக்குச் சொல்வதே பாதுகாப்பானது.

அடையாளம்

1981 முதல் அமெரிக்காவில் ஒவ்வொரு காருக்கும் 17 எழுத்து, எண்கள் கொண்ட சேஸிஸ் எண் கட்டாயம். ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகள் அதில் வராது. 1, 0 ஆகியவற்றோடு குழம்பிவிடும் என்பதால். ஒன்பதாவது இடம் மற்றவற்றைக் கணக்கிட்டுச் சரிபார்க்கும் இலக்கம். மனம்போல் எண்களை அடுக்கிய போலித் தகடு பெரும்பாலும் இங்கேயே பிடிபடும்.

1995 ஏப்ரலில் இத்தாலியின் இமோலா பந்தயத்தின்போது ஓட்டுநர் கெர்ஹார்ட் பெர்கரின் சிவப்பு ஃபெராரி எஃப்512எம் திருடுபோனது. 501 மட்டுமே தயாரான மாடல். திருடிய சிறிது காலத்தில் ஜப்பானுக்குப் போன அது, 2023-இன் இறுதியில் பிரிட்டனுக்கு வந்தது. அமெரிக்கர் ஒருவர் அதை ஒரு தரகர் வழியே வாங்க முனைந்தபோது ஃபெராரி தன் பதிவேட்டைப் பார்த்தது. திருட்டு வண்டி என்று தெரிந்ததும் 2024 ஜனவரியில் லண்டன் போலீஸுக்குச் சொன்னது. நான்கே நாளில் போலீஸ் வண்டியைக் கண்டுபிடித்தது. 28 ஆண்டுகளில் ஜாமரும் சாவிச் சமிக்ஞையை நீட்டும் கருவியும் வந்தன. தொழிற்சாலையில் பொறித்த எண்ணை மட்டும் யாராலும் மறைக்க முடியவில்லை. அதே பந்தய நாள்களில் திருடப்பட்ட வெள்ளி நிற எஃப்355 அப்போது கிடைக்கவில்லை.

ஆகவே உரிமையாளர் வைத்திருக்க வேண்டிய கோப்பு எளியது: சேஸிஸ், எஞ்சின், கியர்பாக்ஸ் எண்களின் படங்கள்; இருக்கைத் தையல், உள்தகட்டுக் கீறல் போன்ற அந்தக் காருக்கே உரிய அடையாளங்கள்; பழுதுபார்ப்பு ரசீதுகள். திருட்டு நடந்தால் இதன் நகல் போலீஸுக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தயாரிப்பாளருக்கும் ஒரே நாளில் போக வேண்டும். போலீஸ் வழியாக இன்டர்போலின் திருட்டு வாகனத் தரவுத்தளத்திலும் எண் ஏறும். பழைய ஃபெராரியோ போர்ஷேவோ வாங்குபவர், முன்பணம் தருவதற்கு முன் எண்ணைத் தயாரிப்பாளரிடம் சரிபார்த்துக்கொள்வது தம் பணத்துக்கான காப்பு. இழப்பீடு கொடுத்துவிட்ட காப்பீட்டு நிறுவனம், பல ஆண்டு கழித்துக் கிடைக்கும் காருக்கும் பொதுவாக உரிமை கோர முடியும். நல்லெண்ணத்தோடு வாங்கியவரும் வண்டியை இழக்க நேரலாம்.