ஜெல்லி ரோல் மார்ட்டன்

ஜெல்லி ரோல் மார்ட்டன் (1890–1941) அமெரிக்கப் பியானோ கலைஞர், இசைக்குழுத் தலைவர்; ஜாஸின் முதல் பெரிய இசையமைப்பாளர். நியூ ஆர்லியன்ஸில் கலப்பினக் கிரியோல் குடும்பமொன்றில் பிறந்தார். இயற்பெயர் ஃபெர்டினாண்ட் ஜோசப் லமோத். தாம் பிறந்த ஆண்டு 1885 என்று அவர் சொல்லிவந்தார்; ஞானஸ்நானப் பதிவில் இருப்பதோ 1890.

பதின்வயதிலேயே ஸ்டோரிவில் வட்டாரத்து விலைமாதர் விடுதிகளில் பியானோ வாசித்துச் சம்பாதித்தார். செய்தி எட்டியதும் வீட்டுக் கதவு மூடிக்கொண்டது. பிறகு சூதாட்டம், பில்லியர்ட்ஸ், மேடை வேடிக்கை என்று ஊர் ஊராக அலைந்தார். 1915இல் அச்சேறிய ‘ஜெல்லி ரோல் புளூஸ்’ மிக முற்பட்ட ஜாஸ் வெளியீடுகளுள் ஒன்று. 1923இல் வெள்ளையர் குழுவான நியூ ஆர்லியன்ஸ் ரிதம் கிங்ஸுடன் அவர் செய்த ஒலிப்பதிவு, இனப்பிரிவினை கோலோச்சிய அந்நாளில் அரிய நிகழ்வு.

அவர் விரல்களில் பியானோ ஒரு முழு இசைக்குழு. இடக்கை டிராம்போனாக உறுமும். வலக்கை கார்னெட்டும் கிளாரினெட்டுமாகப் பேசும். 1926 செப்டம்பரில் சிகாகோவில் விக்டர் நிறுவனத்துக்காகப் பதிவைத் தொடங்கிய ‘ரெட் ஹாட் பெப்பர்ஸ்’ குழுவில் அந்தப் பியானோவே பல கருவிகளாக விரிந்தது. கிட் ஓரி, ஓமர் சிமியோன், ஜார்ஜ் மிட்செல் போன்ற தேர்ந்த கலைஞர்கள் கூடிய குழு அது. எங்கே எழுதியதை வாசிப்பது, எங்கே மனோதர்மத்துக்கு இடம், எங்கே எல்லோரும் நின்று ஒருவரை மட்டும் ஒலிக்கவிடுவது என எல்லாவற்றையும் அவர் முன்கூட்டியே வகுத்தார். மூன்று நிமிடத் தட்டுக்குள் இத்தனை திருப்பங்களா என்ற வியப்பு அக்குழுவின் ‘பிளாக் பாட்டம் ஸ்டாம்ப்’ கேட்கும்போது இன்றும் எழுகிறது.

1930க்குப் பின் விக்டர் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவருடைய ‘கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்’ 1935இல் பென்னி குட்மேன் குழுவுக்குப் பெரும் வெற்றி தந்தபோது, அதை இயற்றியவர் ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்தார். 1938இல் ஓர் இசை இதழில் வெளியான கடிதத்தில், 1902இலேயே ஜாஸைத் தோற்றுவித்தது தாமே என்று உரிமை கோரினார். ஞானஸ்நானப் பதிவின்படி 1902இல் அவருக்குச் சுமார் 12 வயது. ஜாஸ் ஒருவர் கண்டுபிடித்ததன்று. ஆனால் அதற்கு வடிவம் தந்தவர்களில் இவருக்கு முன்னால் நிறுத்தத்தக்கவர் இல்லை.

1941 ஜூலை 10 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் காலமானார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு வாஷிங்டன் காங்கிரஸ் நூலகத்தில் நாட்டாரியலாளர் ஆலன் லோமாக்ஸ் முன்னிலையில் அவர் பேசியும் பாடியும் வாசித்தும் விட்டுச்சென்ற பதிவுகள் எட்டு மணி நேரத்துக்கும் மேல் நீள்பவை. அவற்றில் ராக்டைம் இசையமைப்பாளர் ஸ்காட் ஜோப்ளினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ இருமுறை வருகிறது: முதலில் மிசூரி ராக்டைம் பாணியில் நறுக்காக, அடுத்து நியூ ஆர்லியன்ஸ் பாணியில் தாளம் நெகிழ்ந்து ஊஞ்சலாட.