எக்ஸ் சாளர அமைப்பு

யூனிக்ஸ் பணிநிலையங்களின் திரையில் பல சாளரங்களைத் திறந்துவைத்து வேலை செய்ய வழிவகுத்த எக்ஸ், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1984இல் பிறந்தது. அங்கே 1983இல் தொடங்கிய அதீனா என்னும் வளாகக் கணினித் திட்டத்துக்கு டிஜிட்டல், ஐபிஎம் ஆகிய இரு நிறுவனங்களும் கணினிகளைத் தந்தன. ஒன்றோடொன்று ஒவ்வாத அந்தக் கணினிகள் எல்லாவற்றிலும் ஒரே நிரல் ஓடியாக வேண்டும். ராபர்ட் ஷைஃப்ளரும் ஜிம் கெட்டிஸும், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ‘டபிள்யூ’ அமைப்பை எடுத்து, ஒவ்வொரு கட்டளைக்கும் பதில் வரும்வரை காத்திருக்கும் அதன் முறையைக் கைவிட்டு, புதிதாக எழுதினார்கள். 1987 செப்டம்பரில் வெளியான பதினோராம் பதிப்பின் நெறிமுறையே இன்றுவரை அடிப்படை. எக்ஸின் தொடக்கநிலைச் சிரமத்துக்கும் நீண்ட ஆயுளுக்கும் காரணம் ஒன்றுதான்: திரை எப்படித் தோன்ற வேண்டும் என்பதை அது முடிவுசெய்ய மறுத்தது.

எந்த அமைப்புக் கோப்பும் இல்லாமல், எக்ஸைத் தொடங்கும் ‘எக்ஸ்இனிட்’ கட்டளையைத் தட்டினால் இது கண்கூடாகத் தெரியும். பழைய பதிப்புகளில் திரை முழுக்கச் சாம்பல் நிறப் புள்ளி நெசவு பரவும். நடுவே எக்ஸ் வடிவச் சுட்டி நிற்கும். இடது மூலையில் ‘எக்ஸ்டெர்ம்’ முனையம் ஒன்று திறக்கும். அதற்குத் தலைப்புப் பட்டையும் இல்லை, சட்டமும் இல்லை. நகர்த்த வழியில்லை, சுட்டி எந்தச் சாளரத்தின் மேல் இருக்கிறதோ அதற்கே தட்டச்சு போகும். அந்த முனையத்திலிருந்து ‘டிடபிள்யூஎம்’ என்னும் சாளர மேலாளரை இயக்கிய பிறகுதான் சட்டங்கள் வரும். அப்போதும், புதிய சாளரம் ஒவ்வொன்றையும் எங்கே வைப்பது என்று அது கேட்கும். கோட்டுருவை இழுத்துச் சென்று சொடுக்க வேண்டும். சாளர மேலாளர் மற்ற நிரல்களைப் போல வெறும் ஒரு நிரல் என்பதால், பிடிக்காவிட்டால் அதை மட்டும் நிறுத்திவிட்டு வேறொன்றை இயக்கலாம். திறந்திருக்கும் வேலை கெடாது.

தோற்றத்தை இப்படி முடிவுசெய்யாமல் விடுவது பயனர் தலையில் சுமையை ஏற்றுவதல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மோடிஃப், ஓப்பன் லுக் என இரண்டு தோற்றங்கள் மோதிக்கொண்ட காலத்தில், ஒரே திரையில் உருள்பட்டைகள்கூட ஆளுக்கொரு விதமாக நடந்துகொண்டன. ஆனால் 1987இல் ஒரு தோற்றத்தை நெறிமுறைக்குள் பூட்டியிருந்தால், 1996இல் தொடங்கிய கேடிஈ, மறு ஆண்டு வந்த க்னோம் ஆகிய மேசைத்தளச் சூழல்கள் அதன் மேல் எழுந்திருக்க முடியாது. வெற்றிக்குக் காரணம் இலவச உரிமம் மட்டுமே என்பது இன்னொரு வாதம். சன் நிறுவனத்தின் ‘நியூஸ்’ என்னும் போட்டிச் சாளர அமைப்பு பல வகையில் நேர்த்தியான வடிவமைப்பாக இருந்தும் தோற்றதில் உரிமத்துக்குப் பெரும் பங்கு உண்டு. எனினும் உரிமம் பரவலைத்தான் விளக்கும். பரவிய பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அடித்தளம் மாறாமல் நின்றதை விளக்காது.

உண்மையில் பதில் சொல்லக் கடினமான குறை பாதுகாப்பு. திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றை ஆள்வது பயனரின் மேசைக் கணினியில் ஓடும் ‘எக்ஸ் சர்வர்’. பயன்பாட்டு நிரலோ வலையமைப்பில் எங்கோ தொலைவிலுள்ள கணினியில் ஓடலாம். ‘டிஸ்ப்ளே’ என்ற சூழல் மாறியில் திரையின் முகவரியைக் கொடுத்தால் போதும். அனுமதி பெற்று உள்ளே வந்த எந்த நிரலும் மற்ற நிரல்களில் தட்டப்படும் எழுத்துகளை ஒட்டுக்கேட்க முடிந்தது. நம்பிக்கையான வளாகத்துக்கென அமைந்த ஏற்பாடு இணைய உலகுக்குப் போதவில்லை. 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய ‘வேலேண்ட்’ என்னும் மாற்று அமைப்பு, சாளர மேலாண்மையையும் திரை ஆட்சியையும் ஒரே நிரலில் இணைத்து, நிரல்களை ஒன்றிடமிருந்து ஒன்று மறைத்தது. எக்ஸுக்காக எழுதிய பழைய நிரல்களும் ‘எக்ஸ்வேலேண்ட்’ வழியாக அதற்குள் ஓடுகின்றன.