தானப் பத்திரமும் மகமையும்: கட்டுமான நிறுவனங்களின் ஊர்க்கொடை குறித்து

வீட்டுமனை, அடுக்ககத் தொழிலில் இருக்கும் பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் நடுவே சில வண்ணப் பக்கங்கள் வரும். அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை, கண் சிகிச்சை முகாம், ஏரிக்கரையில் மரக்கன்று நடும் இயக்குநர். இவற்றை விளம்பரம் என்று ஒதுக்கிவிடுவது எளிது, நியாயம் ஆகாது. கழிப்பறை நிஜம், அதைப் பயன்படுத்தும் பிள்ளைகளும் நிஜம். ஆனால் ஒரு கட்டுமான நிறுவனத்தின் வழியாக ஊருக்கு வந்து சேர்பவற்றில் மிகப் பெரியது இந்தப் பக்கங்களில் இடம்பெறுவதே இல்லை. சிறியதற்கு மேடை போட்டுவிட்டுப் பெரியதைக் கேட்பாரற்று விட்டிருக்கிறோம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அந்தப் பெரியது திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம். தொழிலில் இருப்பவர்கள் வாயில் அது ‘ஓ.எஸ்.ஆர்.’ தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் திட்டம் போடுபவர், சாலைகள் போக எஞ்சிய பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, பதிவு செய்த தானப் பத்திரம் மூலம் அரசு அமைப்பிடம் ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பில் பணம் கட்டலாம். அதற்கு மேல் அந்தச் சலுகை கிடையாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 20,000 சதுர மீட்டர் மனைப்பிரிவு. சாலைக்கு 5,000 போனால் மீதி 15,000. அதில் பத்தில் ஒன்று 1,500 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஆறே முக்கால் கிரவுண்ட். சதுர அடி 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆறரைக் கோடியை ஒட்டி வருகிறது. ஆண்டுக்குச் சராசரி 20 கோடி நிகர லாபம் ஈட்டும் நிறுவனம், சட்டப்படி சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டியதோ 40 லட்சம். முன்னது ஒரு மனைப்பிரிவுக்கு ஒருமுறை, பின்னது ஆண்டுதோறும்; இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாதுதான். ஆனால் பல்லாண்டுச் சமூகப் பொறுப்புத் தொகைக்கு ஈடான சொத்து ஒரே பத்திரத்தில் கைமாறுகிறது, அதற்கு நாளிதழில் ஒரு படம்கூட வருவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கைமாறிய பிறகு என்ன ஆகிறது? புறநகரில் மனைப்பிரிவுகளைச் சுற்றிப் பார்ப்பவர்களுக்குப் பழகிய காட்சி இது. நாலு பக்கமும் கம்பி வேலி, மூலையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர், சாயம் வெளுத்த சறுக்குமரம். நுழைவில் நிறுவனத்தின் பெயர் பொறித்த வளைவு. கதவில் பூட்டு, சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம். பக்கத்துத் தெருப் பிள்ளைகள் உள்ளே வந்தால் காவலாளி விரட்டுகிறார். பத்திரப்படி இது ஊராட்சியின் சொத்து, அந்தப் பிள்ளைகளுக்கும் உரியது. நடைமுறையில், ஊருக்குக் கொடுத்ததாகப் பதிவான நிலம் வீடு வாங்கியவர்களுக்கான வசதியாக இரண்டாம் முறை விற்கப்பட்டிருக்கிறது. விற்பனைக் கையேட்டில் ‘பூங்கா’ என்று வருவது பெரும்பாலும் இதுதான்.

இதைக் கொடை என்று அழைப்பதில் சட்டச் சிக்கலும் உண்டு. சொத்து மாற்றச் சட்டம், 1882-இன் 122-ஆம் பிரிவு, தானம் மனமுவந்து, பிரதிபலன் இன்றி நடக்க வேண்டும் என்கிறது. திட்ட அனுமதி வேண்டுமானால் தானம் செய் என்பதில் மனமுவப்பு எங்கே என்று கட்டுமானத் தரப்பு கேட்பது வேடிக்கையான கேள்வி இல்லை. ஆயினும் 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், வசந்த் அடுக்கக உரிமையாளர் சங்க வழக்கில், இந்த 10 விழுக்காட்டு விதி செல்லும் என்றே தீர்ப்பளித்தது. சரியான முடிவு என்பது என் கருத்து. நெரிசலும் கழிவுநீரும் வெள்ளவடிகாலுக்கு ஏற்படும் அடைப்பும் ஊர் தலையில் விழும்போது, அதற்கு ஈடாகத் தரப்படுவது கடன் தீர்ப்பதில் சேரும். கடனைத் தீர்த்தவருக்கு நன்றிப் பலகை வைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை.

பணம் யாருடையது என்பது அடுத்த கேள்வி. ஒதுக்கிய நிலத்தின் விலை, விற்கும் மனைகளின் மேல் ஏற்றப்படுகிறது. கட்டுமானச் செலவில் 1 விழுக்காடாக வசூலாகும் தொழிலாளர் நலத் தீர்வையும் அப்படியே. இறுதியில் கொடுப்பவர் இருபது ஆண்டு தவணை கட்டும் குடும்பம். வளைவில் பொறிக்கப்படுவது நிறுவனத்தின் பெயர்.

இனி வண்ணப் பக்கங்களுக்கு வரலாம். நிறுவனங்கள் சட்டம், 2013-இன் 135-ஆம் பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிடக் கோருகிறது. 2021 ஜனவரியில் திருத்திய விதிகள், வேறு சட்டக் கடமையை நிறைவேற்றுவதையும் விளம்பர ஆதாயத்துக்கான உபயத்தையும் இக்கணக்கில் சேர்க்கக் கூடாது என்று தெளிவாகச் சொல்கின்றன. காகிதத்தில் கோடு சரியாகவே கிழிக்கப்பட்டிருக்கிறது.

ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. இத்தொழிலில் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனி நிறுவனமோ வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மையோ தொடங்குவது சகஜம். வங்கிக் கடன், நில உரிமையாளருடன் கூட்டு ஒப்பந்தம் என்று அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் 135-ஆம் பிரிவு கூட்டாண்மைகளைத் தொடாது. லாபம் சிறு நிறுவனங்களாகச் சிதறினால் 5 கோடி வரம்பும் பல இடங்களில் எட்டாது. நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று அப்பிரிவில் உள்ள வாசகத்தையும் கட்டாயமில்லை என்றே அரசு விளக்கியிருக்கிறது. பழைய மகாபலிபுரம் சாலை அடுக்ககங்களுக்குத் தண்ணீர் லாரிகள் சுற்றுவட்டக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து போகின்றன. அந்தக் கிராமங்களுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவிடாமல், வேறு மாவட்டத்தில் கணினி வகுப்பறை திறந்து ஒரு நிறுவனம் சட்டத்தை முழுமையாக நிறைவு செய்துவிட முடியும்.

இங்கிலாந்தில் 1990-ஆம் ஆண்டு நகர், ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் 106-ஆம் பிரிவு எதிர்த்திசையில் செல்கிறது. கட்டுமானரிடம் பெறும் கடப்பாடு அந்தத் திட்டத்தோடு நேரடித் தொடர்புடையதாகவும், அதன் அளவுக்குத் தக்கதாகவும் இருந்தாக வேண்டும். அங்கே நோய் பேரம்தான். லாபம் போதாது என்று அறிக்கை கொடுத்து, மலிவு வீடுகளின் எண்ணிக்கையைக் குறைத்த கதைகள் லண்டனில் ஏராளம். பேரத்துக்கு இடம் தராத நம் பத்து விழுக்காடு அந்த வகையில் மேலானது.

பேரத்துக்கு இடம் தராமல் பொதுப் பங்கைத் திரட்ட நம்மிடம் உள்ள முன்மாதிரி மகமை. விருதுநகர், சிவகாசி நாடார் வணிகர்கள் சரக்கின் மீது விகிதம் வைத்து மகமை பிடித்தார்கள். உறவின்முறை எனப்படும் அவர்களின் சபை அதை நிர்வகித்தது. பள்ளிகள் அதில் எழுந்தன. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் நாடார்களைப் பற்றி எழுதிய நூலில் இந்த ஏற்பாட்டை விரிவாகப் பேசுகிறார். தொகையைக் கொடுப்பவர் தீர்மானிப்பதில்லை, செலவையும் அவர் தனித்துத் தீர்மானிப்பதில்லை, கணக்கு சபையில் வாசிக்கப்படும். மகமை தன் சாதிக்குள் நின்ற நிதி என்பதை மறைக்க வேண்டியதில்லை. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் கணக்கு முறையை மட்டுமே.

மனமுவந்த கொடைக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. நிதி இல்லாத ஊராட்சியால் பூங்காவைப் பராமரிக்க முடியாது. நிறுவனம் அதை ஏற்றுக்கொள்வது நல்லதே. பராமரிப்பு அவர்களுடையதாக இருக்கட்டும், சாவி ஊராட்சியிடம் இருக்கட்டும்.

மகமையைப் போலக் கணக்கைப் பொதுவில் வைக்கப் புதுச் சட்டம் தேவையென்று எனக்குத் தோன்றவில்லை. 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின் 11-ஆம் பிரிவுப்படி ஒவ்வொரு திட்டத்தின் விவரத்தையும் கட்டுமானர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையப் பக்கத்தில் புதுப்பிக்க வேண்டும். தானப் பத்திர எண், நிலத்தின் சர்வே எண், அதன் இன்றைய பயன்பாடு, கட்டிய தொழிலாளர் தீர்வை, சுற்றுவட்டாரத்தில் செய்த செலவு ஆகியவற்றுக்கும் அங்கே இடம் ஒதுக்கலாம். அந்தப் பக்கத்தில் பதிவு நிறுவனத்தின் பேரில் அல்லாமல் திட்டத்தின் பேரில் இருப்பதால், கூட்டாண்மை என்ற காரணம் சொல்லி அங்கிருந்து நழுவ முடியாது.