கிள்ளான் பாதையில் மின்சார ரயில்



கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ரயிலில் போய் வருகிறவர்கள் அந்தப் பாதையைப் பற்றி அதிகம் யோசிப்பதில்லை. கதவு தானாகத் திறக்கிறது, ஏறிக்கொள்கிறோம், குளிர்சாதனக் காற்றில் பயணம் செய்து இறங்கிவிடுகிறோம். தலைக்கு மேலே ஒரு மின்கம்பி கூடவே வருவது பலருடைய கவனத்தில் இல்லை. அந்தக் கம்பி வந்தது 1995-ஆம் ஆண்டில். கீழே கிடக்கும் பாதையோ அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் முந்தியது. எதை ஏற்றிச் செல்வதற்காகப் போட்ட பாதை அது, பின்னர் யாரை ஏற்றிச் செல்வதற்காக மாறியது என்பதை இன்று பார்ப்போம்.

மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் மாதம் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. எட்டு மைல் தூரந்தான். அடுத்த ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரில் இரண்டாவது பாதை திறக்கப்பட்டது. கோலாலம்பூரில் புறப்பட்ட அந்த ரயில் கிள்ளான் ஆற்றங்கரையில் புக்கிட் கூடா என்ற இடத்தோடு நின்றுவிட்டது. ஆற்றின் மேல் பாலம் கட்டி 1890-ல்தான் கிள்ளான் நகருக்குள் நுழைந்தது. பிறகு கடலோரம் வரை நீண்டது. அங்கே 1901-ல் திறக்கப்பட்ட துறைமுகத்துக்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர் வைத்தார்கள். 1972 முதல் அது போர்ட் கிள்ளான்.

சிரம்பான் பக்கத்திலும் இதே கதைதான். 1891-ல் அங்கிருந்து போர்ட் டிக்சனுக்குத் தனியாக ஒரு பாதை போட்டார்கள். இந்தப் பாதைகள் எல்லாம் ஊரையும் ஊரையும் இணைப்பதற்காகப் போட்டவை என்று நினைத்துவிடக் கூடாது. ஈயம் தோண்டிய இடத்திலிருந்து கப்பல் நிற்கும் இடத்துக்கு மிகக் குறுகிய வழி எது என்று பார்த்துப் போட்டவை. அதனால்தான் ஆரம்பப் பாதைகள் எல்லாம் மலையடிவாரத்தில் தொடங்கிக் கடலில் போய் முடிந்தன. வடக்கு தெற்காக அவற்றை இணைக்கும் வேலை பிறகுதான் நடந்தது. 1903-ல் பிறை முதல் சிரம்பான் வரை ஒரே தொடராகப் பாதை அமைந்தது.

காட்டை வெட்டி, சதுப்பு நிலத்தில் மண் கொட்டி, கட்டை அடுக்கித் தண்டவாளம் போட்டவர்களில் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்த நம்மவர்கள். நிலைய அதிகாரிகளாகவும் கிராணிமாராகவும் வந்தவர்களில் யாழ்ப்பாணத்துத் தமிழர் பலர். செந்தூல் ரயில்வே பட்டறையையும், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்சையும் சுற்றித் தமிழ்க் குடியிருப்புகள் வளர்ந்தது இப்படித்தான். பிறகு ரப்பர் வந்தது. கிள்ளான் பாதையின் இருபுறமும் தோட்டங்கள் எழுந்தன. ஈயத்தோடு ரப்பர் கட்டுகளும் துறைமுகத்துக்குப் போயின. பயணிகளும் போனார்கள் என்றாலும், பாதையின் முதல் வேலை சரக்குதான்.

அந்நாளில் வண்டியை இழுத்தது நீராவி. அதற்கு வேண்டிய நிலக்கரி பெரும்பாலும் சிலாங்கூரிலேயே, ரவாங்குக்குப் பக்கத்தில் உள்ள பத்து ஆராங் சுரங்கத்திலிருந்து கிடைத்தது. 1957-ல், நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் டீசல் இஞ்சின்கள் 26 வந்து சேர்ந்தன. சுரங்கம் 1960-ல் மூடப்பட்டது. நீராவி இஞ்சின்கள் அதற்குப் பிறகும் சில காலம் ஓடி, எழுபதுகளில் ஓய்ந்தன. கரி அள்ளிப் போட்டவர்களின் தொழிலும் அவற்றோடு போயிற்று.

இங்கே ஒரு செய்தியை நாம் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். டீசல் இஞ்சின் சக்கரத்தை நேராகச் சுழற்றுகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். 1957-ல் வந்த இஞ்சின்கள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றில் டீசல் ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றும். ஜெனரேட்டர் மின்சாரம் தரும். அந்த மின்சாரந்தான் சக்கரத்தோடு இணைந்த மோட்டாரை ஓட்டும். தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களுக்கு இது எளிதில் புரியும். முன்பெல்லாம் பல தோட்டங்களில் மாலையில் இஞ்சினை ஓட்டி, இரவு சில மணி நேரம் மட்டும் லயங்களுக்கு விளக்குப் போடுவார்களே, அந்த இஞ்சின் கொட்டகையையே சக்கரத்தின் மேல் ஏற்றி வைத்தால் எப்படியோ அப்படி. பிறகு ஊர் மின்சாரம் தோட்டத்துக்கு வந்தபோது கொட்டகை தேவையில்லாமல் போயிற்று. ரயில் மின்மயமானதும் அதே மாற்றந்தான். ஜெனரேட்டரை வண்டியிலிருந்து இறக்கிவிட்டு, தூரத்து மின் நிலையத்திலிருந்து கம்பி வழியாகச் சக்தியைக் கொண்டு வந்தார்கள்.

கனமான இஞ்சினும் எண்ணெய்த் தொட்டியும் இல்லாததால் வண்டி சட்டென்று வேகம் பிடிக்கிறது. நெடுந்தூர வண்டிக்கு இது பெரிய இலாபமாகத் தெரியாது. ஆனால் இரண்டு மூன்று மைலுக்கு ஒரு நிலையத்தில் நின்று நின்று போகிற வண்டிக்கு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் மிச்சமாகும் நேரம் சேர்ந்து பெரிதாகிறது. மேலும், இதில் தனி இஞ்சின் கிடையாது. மோட்டார்கள் பெட்டிகளின் அடியிலேயே இருக்கின்றன. இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. கடைசி நிலையத்தில் இஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும் வேலை இல்லாமல் ஓட்டுநர் இடம் மாறினால் போதும்.

எண்பதுகளின் இறுதியில் கோலாலம்பூர்ச் சாலைகளில் வாகன நெரிசல் தாங்க முடியாத நிலைக்கு வந்தது. அப்போதுதான் பழைய பாதையை மக்களுக்குப் பயன்படுத்தும் எண்ணம் வலுத்தது. முதலில் டீசலில் ஓடும் ரயில் பஸ்களை விட்டுப் பார்த்தார்கள். பிறகு ரவாங் முதல் சிரம்பான் வரையிலும், செந்தூல் முதல் போர்ட் கிள்ளான் வரையிலும் சுமார் 150 கிலோமீட்டர் பாதையை இரட்டைப் பாதையாக்கி, மின்கம்பி கட்டும் பெரிய வேலை நடந்தது. ஒற்றைப் பாதையில் எதிர் வண்டி வரும்வரை காத்துக் கிடக்க வேண்டும். மின்சார வண்டியை அதில் விட்டால் அதன் வேகமெல்லாம் காத்திருப்பதிலேயே கரைந்துவிடும்.

1995 ஆகஸ்டில் கொமுட்டர் சேவை தொடங்கியது. பினாங்கு ஜார்ஜ் டவுனில் 1906 முதல் 1936 வரை மின்சார டிராம் ஓடியது உண்டு. அதை நாம் மறந்துவிடலாகாது. ஆனால் ரயில்வே பாதையில் பயணிகளை ஏற்றிய முதல் மின்சார வண்டி இதுதான். ஆஸ்திரியா, தென்னாப்பிரிக்கா, தென்கொரியா ஆகிய மூன்று நாடுகளிலிருந்து, மூன்று பெட்டிகள் கொண்ட 62 வண்டித் தொடர்கள் வந்தன.

மேலே ஓடும் கம்பியில் இருப்பது 25,000 வோல்ட். கூரையில் மடங்கி விரியும் சட்டம் ஒன்று அந்தக் கம்பியை உரசியபடி மின்சாரத்தை வாங்கும். வண்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் அதைக் குறைத்து மோட்டாருக்குக் கொடுக்கும். சக்கரமும் தண்டவாளமும் வழியாக அது திரும்பிப் போகும். சில இடங்களில் குளிர்சாதன இரைச்சல் ஓரிரு நொடி நின்று மறுபடி தொடங்கினால் பயப்பட வேண்டாம். ஒரு மின் நிலையத்தின் பகுதி முடிந்து அடுத்ததன் பகுதி தொடங்கும் இடம் அது.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. இவ்வளவு அழுத்தமுள்ள கம்பியைத் தொட வேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே பாயும். செம்பனைக் குலை அறுக்கும் அலுமினியக் கோல் வீட்டுக் கூரையை விட உயரமானது. மின்சாரத்தை நன்றாகக் கடத்தக் கூடியது. பாதையோரம் அதை நிமிர்த்திப் பிடித்து நடப்பது உயிரோடு விளையாடுவதாகும். பிள்ளைகள் கம்பிக்குப் பக்கத்தில் பட்டம் விடுவதும் அப்படியே.

மின்சாரம் வந்ததால் போனவையும் உண்டு. சாலையும் பாதையும் சந்தித்த இடங்களில் பாலங்கள் எழுந்தன. கேட்டைத் திறந்து மூடியவர்களின் வேலை முடிந்தது. வேலி போட்டதால், தண்டவாளத்தைத் தாண்டி எதிர்ப்புறத் தோட்டத்துக்கும் கோயிலுக்கும் போய் வந்த குறுக்கு வழிகள் அடைபட்டன. உயிர்களைக் காப்பதற்கு வேலி வேண்டியதுதான். ஆனால் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அரை மைல் நடை கூடியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதைவிடப் பெரிய மாற்றம் பாதையோரத்திலேயே நடந்தது. ஷா ஆலாம் நகரம் எழுந்தது சுங்கை ரெங்கம் தோட்டத்தில். சுபாங் ஜெயா எழுந்தது சீபீல்ட் தோட்டத்தில். மின்சார ரயில் வந்தபோது அதில் ஏறியவர்கள் இந்தப் புதிய ஊர்களின் மக்கள். தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு வெளியேறிய நம் குடும்பங்களும் அவர்களில் இருந்தன. பால்வெட்டியவரின் மகன் தொழிற்சாலை வேலைக்கும், மகள் கோலாலம்பூர் அலுவலகத்துக்கும் போக இந்த வண்டி வழிசெய்தது. ஆனால் பாதையிலிருந்து பல கட்டை உள்ளே தள்ளியிருந்த தோட்டங்களுக்கு இது எட்டாக் கனியாகவே இருந்தது. நிலையம் வரை பஸ் இல்லாவிட்டால் ரயில் எத்தனை விரைவாக ஓடியும் என்ன பயன்?

புகை ஒழிந்தது என்று சொல்வதையும் நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. தண்டவாளத்தோரத்துப் புகை ஒழிந்தது உண்மை. கம்பியில் வரும் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியாலும் எரிவாயுவாலும் உண்டாவது. காப்பார் மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வண்டிகளும் என்றும் புதிதாக இருக்கவில்லை. மூன்று நாட்டு வண்டிகளுக்கு மூன்று வகை உதிரிப் பாகங்கள் தேவைப்பட்டன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் பல தொடர்கள் பழுதாகி ஒதுங்க, மிஞ்சிய வண்டிகளில் கூட்டம் நெரிந்தது. 2010-ல் பெண்களுக்கெனத் தனிப் பெட்டி ஒதுக்கினார்கள். 2012-ல் சீனாவிலிருந்து ஆறு பெட்டிகள் கொண்ட 38 தொடர்கள் ஓடத் தொடங்கிய பிறகே நெருக்கடி தணிந்தது.

இதற்கிடையே கம்பி நீண்டுகொண்டிருந்தது. வடக்கே 2009-ல் தஞ்சோங் மாலிமைத் தொட்டது. 2010 ஜூலையில் செந்தூலிலிருந்து பத்துமலைக்குப் போயிற்று. பத்துமலைக் கிளைப் பாதை சுண்ணாம்புக்கல் ஏற்றுவதற்காக 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போட்டது. இப்போது தைப்பூச நாட்களில் இரவு பகலாகச் சிறப்பு வண்டிகள் அதில் ஓடுகின்றன. பால்குடத்தோடும் கைப்பிள்ளையோடும் நம் மக்கள் கோயில் வாசலுக்கருகிலேயே இறங்குகிறார்கள். கெமாஸிலிருந்து தும்பாட் செல்லும் கிழக்குக்கரைப் பாதைக்கு இன்னும் கம்பி போகவில்லை. அங்கே டீசல் வண்டிதான்.